குவளால நாடு கண்ட அரசுரிமைப் போர்

அரியணை ஒன்று, அதற்கு உரிமை கோருவோர் பலர்: இடைக்கால ஐரோப்பிய வரலாற்றின் பெரும்பகுதி இதனுள் அடங்கும். பேரரசர் சார்லமேனின் பேரர் மூவர் தம்முள் பொருது, 843-ஆம் ஆண்டில் வெர்டன் உடன்படிக்கையால் நாட்டை மூன்றாகப் பகுத்துக் கொண்டனர். அப்பங்கீட்டால் பகை தீர்ந்ததா எனில், இல்லை. பின்னும் பல தலைமுறைகள் எல்லைக்காகப் போரிட்டன.

இதனையொத்த பங்கீடு ஒன்று, கோலார் தங்கவயலைச் சூழ்ந்த நாட்டிலும் நிகழ்ந்ததை நம்மிற் பலர் அறியோம்.

தங்கவயலுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாரின் பழம்பெயர் குவளாலம். கங்க மன்னர்களின் தொன்மையான தலைநகர் அது. சோழர் ஆட்சியில் இந்நாடு நிகரிலிச் சோழ மண்டலத்தைச் சார்ந்திருந்தது. கோலாரம்மன் கோயிலில் அக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் காணலாம். 1116-ஆம் ஆண்டையொட்டி விட்டுணுவர்த்தனன் சோழரிடமிருந்து தலைக்காட்டைக் கைப்பற்றிய பின்னர், இப்பகுதி ஒய்சளர் வசமாயிற்று.

அம்மரபில் வந்த வீர சோமேசுவரன், திருவரங்கத்துக்கு அண்மையிலுள்ள கண்ணனூரில் தங்கித் தமிழகத்து அரசியலில் ஈடுபட்டிருந்தான். 1254-ஆம் ஆண்டளவில் அவனுடைய நாடு இரு புதல்வரிடையே பிரிந்தது. துவாரசமுத்திரமும் கன்னட நாட்டின் பெரும்பகுதியும் மூன்றாம் நரசிம்மனுக்கு. தமிழ்ப் பகுதிகளும் அவற்றோடு கோலார் வட்டாரமும் இராமநாதனுக்கு.

பிரிந்த வலிமை பகைவர்க்கு வாய்ப்பாயிற்று. 1279-ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இராமநாதனையும் சோழ மன்னன் மூன்றாம் இராசேந்திரனையும் வென்றான். சோழர் ஆட்சி அத்துடன் முடிவுற்றது. கண்ணனூரை இழந்த இராமநாதன், இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்திலுள்ள குந்தாணியைத் தலைநகராக்கிக் கொண்டான். தெற்கே இழந்ததை வடக்கே ஈடுசெய்ய முனைந்தான் போலும்! தமையனும் தம்பியும் நேருக்குநேர் பொருதனர். பகை தந்தையரோடு ஒழியவில்லை. இராமநாதன் 1295-இல் மறைந்தபின் அவன் மகன் விசுவநாதன் சில ஆண்டுகள் ஆண்டான். நரசிம்மன் மகன் மூன்றாம் வல்லாளன் 1300-ஐ ஒட்டியே நாட்டை மீண்டும் ஒன்றாக்கினான்.

ஒன்றாக்கியவுடன் அவன் செய்தது யாது? 1301-ஆம் ஆண்டளவில், குந்தாணி இராச்சியத்தையும் குவளால நாடு முதலிய பல நாடுகளையும் சேர்ந்த கோயில்களுக்கு ஓலை விடுத்தான். கோயில் நிலங்கள் மீது பெறப்பட்டு வந்த வரிகளை நீக்கி, அவற்றைப் பூசைக்கும் திருப்பணிக்கும் உரியவை ஆக்கினான். உடன்பிறந்தார் சண்டையின் செலவைக் குடிகளும் கோயில்களுமே சுமந்தனர் என்பதை இதனின்றும் நாம் உய்த்துணரலாம். அவ்வாணை இவ்வட்டாரத்துக் கற்களில் தமிழிலே பொறிக்கப்பட்டது.

ஆயினும் வல்லாளனே இப்பாடத்தை முழுமையாகக் கற்றானல்லன். பாண்டிய நாட்டில் சுந்தரனும் வீரனும் முடிக்காகப் போரிட்டபோது, அதில் ஆதாயம் தேடித் தெற்கே சென்றான். அவன் அங்கிருக்கையில், 1311-இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தை நெருங்கியது. திரும்பி வந்த வல்லாளன் பணிந்து பெருஞ்செல்வம் அளிக்க நேர்ந்தது.

ஐரோப்பாவிலும் ஒரு செய்தி உண்டு. வெர்டனுக்கு முந்திய ஆண்டில், 842-இல், அம்மூவருள் இருவர் கூடி உறுதிமொழி எடுத்தபோது, ஒவ்வொருவரும் மற்றவர் படைவீரரின் மொழியிலேயே பேசினர். கேட்போருக்கு விளங்கினாலன்றி வாக்குக்கு மதிப்பில்லை அன்றோ? கன்னட நாட்டு மன்னன் வல்லாளன் குவளால நாட்டில் தமிழில் ஆணை பொறித்ததும் அவ்வாறே.

தங்கவயல் தமிழரின் முன்னோருள் பெரும்பாலோர் 1880-க்குப் பின் சுரங்கப் பணிக்கென வந்தவர்கள். தமிழோ அவர்களுக்கு எண்ணூறு ஆண்டுகள் முன்னரே கன்னடத்துடன் இங்குக் குடியேறியிருந்தது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன; கல்வெட்டுக்கள் நிற்கின்றன. கோலாருக்குச் செல்லும் அன்பர்கள் கோலாரம்மன் கோயிற் சுவர்களைச் சற்றே நின்று படித்து வருவார்களாக.