மூவளைய மருந்தின் எச்சரிக்கைகள் உருவான வரலாறு

மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் இமிப்ரமின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், குளோமிப்ரமின் ஆகியவை மூத்த தலைமுறையைச் சேர்ந்தவை. மூலக்கூறில் மூன்று வளையங்கள் ஒட்டி அமைந்திருப்பதால் மூவளைய மருந்துகள் எனப்படுகின்றன. இவற்றை உட்கொள்வோருக்கு இன்று சொல்லப்படும் எச்சரிக்கைகளில் கணிசமானவை ஆய்வுக்கூடத்தில் முன்கூட்டி அறியப்பட்டவை அல்ல. மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு, நோயாளிகளுக்கு நேர்ந்தவற்றைக் கண்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவை.

மருந்தின் தோற்றமே எதிர்பாராதது. 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்படும் எனத் தெரிந்தபின், சாயத் தொழிலில் வளர்ந்த பாசல் நகரத்துக் கெய்கி நிறுவனம் அதை ஒத்த சேர்மங்களைத் தேடியது. அவற்றுள் ஜி 22355 என எண்ணிடப்பட்டு, பின்னர் இமிப்ரமின் எனப் பெயர்பெற்ற ஒன்றை, சுவிட்சர்லாந்தின் ம்யூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் முதலில் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்களுக்கு அது பயன்படவில்லை, சிலர் கிளர்ச்சியுற்றனர். 1956 சனவரியில் கடுமையான மனச்சோர்வு கொண்டவர்களுக்குக் கொடுத்தபோதுதான் அதன் உண்மையான பயன் வெளிப்பட்டது. மறுஆண்டு செப்டம்பரில் சூரிக்கில் நடந்த உலக மனநல மாநாட்டில் கூன் ஆற்றிய உரையைக் கேட்க வந்தவர் மிகச் சிலரே. அந்த மருத்துவமனையில் ஒப்புதல் முறையாகப் பெறாமலே சோதனை மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதை 2019இல் வெளியான வரலாற்று ஆய்வு வெளிக்கொணர்ந்தது. மருந்தின் புகழோடு இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மருந்து மூளையில் என்ன செய்கிறது என்பது அப்போது தெரியாது. நரம்பு முனையிலிருந்து வெளிவரும் நார்அட்ரினலின் என்ற கடத்துபொருள் மீண்டும் உள்ளே இழுக்கப்படுவதை இமிப்ரமின் தடுக்கிறது என்பதை 1961இல் ஜூலியஸ் ஆக்சல்ராடும் உடன் உழைத்தவர்களும் காட்டினர். ஆனால் மூவளைய மூலக்கூறு ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை. அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை அது அடைப்பதால் வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, பார்வை மங்குகிறது. முதிய ஆண்களில் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால் சிறுநீர் அடைபடலாம், குறுகிய கோணமுள்ள கண்ணில் கிளாக்கோமா எனும் கண்ணழுத்த நோய் திடீரெனத் தூண்டப்படலாம். ஹிஸ்டமின் ஏற்பி அடைபடுவதால் தூக்கம் மிகுகிறது. மதுவோடு சேரும்போது அது பன்மடங்காகிறது. இரத்தக்குழாய்களின் சுருங்கும் திறன் குறைவதால், படுக்கையிலிருந்து சட்டென எழுபவருக்குத் தலை சுற்றுகிறது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடிய முதியோரைப் பொறுத்தவரை இது சிறு தொல்லை அன்று.

இதயத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கு நீண்ட கதை உண்டு. இதயத் தசையில் மின்தூண்டல் பரவ உதவும் சோடியத் தடங்களை இம்மருந்துகள் அடைக்கின்றன. அளவு மீறினால் மின்வரைபடத்தில் கீழறை அலை அகன்றுவிடும். அது 100 மில்லிநொடியைத் தாண்டினால் வலிப்பையும், 160ஐத் தாண்டினால் துடிப்புக் குலைவையும் எதிர்பார்க்கலாம் என 1985இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிய பின்னர், அவசர சிகிச்சையில் முதலில் பார்க்க வேண்டியதும், சோடியம் பைகார்பனேட் செலுத்த முடிவெடுக்கத் துணைநிற்பதும் அந்த வரைபடமே என்றாயிற்று. அதற்கு முன் 1970களில் இமிப்ரமின் உட்கொண்ட சிலரின் கூடுதல் துடிப்புகள் அடங்கியதைக் கண்டு, இதயத்துக்கு அது நன்மையே எனக் கருதியோரும் இருந்தனர். 1989இல் அதே வகையில் சோடியத் தடங்களை அடைக்கும் துடிப்புக் குலைவு மருந்துகள் மாரடைப்புக்குப் பிந்தைய நோயாளிகளின் மரணத்தை அதிகரித்தன என்பது தெரியவந்தபோது, இந்த நம்பிக்கை தலைகீழானது. மாரடைப்பு கண்டவர்களுக்கு இவ்வகை மருந்தைத் தவிர்க்கும் வழக்கம் அதன்பின் உறுதிப்பட்டது.

இங்குதான் இம்மருந்தின் கொடிய முரண் இருக்கிறது. தற்கொலை எண்ணம் அதிகமுள்ள நோய்க்கான மருந்து, அளவு மீறினால் தானே உயிர் பறிப்பது. அதோடு பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே, நெருக்கடியில் இருப்பவருக்குச் சிறு அளவாக மட்டும் மாத்திரை கொடுப்பது, குடும்பத்தார் ஒருவரிடம் அதை ஒப்படைப்பது ஆகியவை மருத்துவ வழக்கமாயின. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் சிறுவர்களுக்கும் 1960 முதல் இமிப்ரமின் தரப்பட்டதால், அறியாமல் விழுங்கிய குழந்தைகளின் நஞ்சேற்றம் ஒரு தனிச் சிக்கலாயிற்று. கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வைக்கும் அறிவுரை அங்கிருந்து வலுப்பெற்றது. 24 வயது வரையிலானோர் சிகிச்சையின் தொடக்கத்தில் நெருக்கமாகக் கவனிக்கப்பட வேண்டும் என்பது 2004, 2007 ஆண்டுகளில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லா மனச்சோர்வு மருந்துகளுக்கும் விதித்த எச்சரிக்கை.

மருந்தோடு மருந்து மோதும் செய்தி 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. அக்காலத்து மற்றொரு மனச்சோர்வு மருந்தான எம்ஏஓ தடுப்பான்களோடு மூவளைய மருந்து சேர்ந்தபோது உடல் கொதித்து, வலிப்பு வந்து இறந்தோர் உண்டு. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்க 14 நாள் இடைவெளி என்ற விதி நிலைத்தது. ஒரே அளவு மாத்திரை உண்பவர்களின் இரத்தத்தில் மருந்தின் செறிவு பல மடங்கு வேறுபடுவதை 1967இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டனர். கல்லீரலின் ஒரு நொதி சிலருக்குப் பரம்பரையாகவே மந்தமாக இருப்பது அதன் காரணம் எனப் பிறகு தெரிந்தது. புதிய தலைமுறையின் ஃபுளுவாக்செடின், பராக்செடின் போன்றவை அதே நொதியை முடக்குவதால், ஒருவர் இரண்டையும் சேர்த்து எடுத்தால் மூவளைய மருந்து உடலில் தேங்கிவிடும்.

1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அமிட்ரிப்டிலின் இடம்பெற்றது. இப்போது அது மனச்சோர்வைவிட நரம்புவலிக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் சிறு அளவில் அதிகம் எழுதப்படுகிறது. இதனால் அதை வலிமாத்திரை என்றே எண்ணி, வேறு நோய்க்குச் செல்லும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவோர் பலர். டிராமடால் போன்ற வலிமருந்து அதோடு சேரும்போது வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. திடீரென நிறுத்தினால் குமட்டல், அமைதியின்மை, தூக்கக் குலைவு தோன்றுவதால், நிறுத்துவதும் படிப்படியாக, எழுதித் தந்த மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடைபெற வேண்டும்.