சடைமுடியும் கடமையான குளிப்பும்

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிற் சிற்பங்களில் சிவனுக்குச் சடைமுடி உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கோயில் அது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே மகேந்திரவர்மன், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நாடகத்தில் இந்நகரின் காபாலிகரையும் பாசுபதரையும் நகையாடினான். சைவத் துறவியர் பலருக்குச் சடையே அடையாளம். உலகைத் துறந்தவர் சீப்பையும் துறந்தனர்.

அதே ஏழாம் நூற்றாண்டில், ஹிஜ்ரி 10-இல் (632), நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஹஜ்ஜின்போது தலைமுடியைப் பிசின் போன்ற பொருளால் ஒட்டிப் படியவைத்திருந்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செயலின் பெயர் 'தல்பீத்'. இது சடை வளர்ப்பன்று; இஹ்ராமில் முடி கலையாமலும் பேன் சேராமலும் காக்கும் ஏற்பாடு. மினாவில் குர்பானி கொடுத்தபின் அம்முடியை மழித்துக்கொண்டார்கள்.

கூந்தலை இறுகப் பின்னும் வழக்கமுடைய அன்னை உம்மு சலமா (ரலி), கடமையான குளிப்புக்குப் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என வினவினார்கள். வேண்டியதில்லை, தலையில் மும்முறை கைநிறைய நீர் ஊற்றினால் போதும் என்பதே விடை (முஸ்லிம்). நீர் உட்புகாவிடில் அவிழ்க்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஆண்கள் அவிழ்த்தேயாக வேண்டும் என்பது ஹனஃபி அறிஞரின் வலுவான கருத்து.

ஆகவே, சடையுடன் பள்ளிவாசலுக்கு வரும் இளைஞனை எள்ளி விரட்டாதீர்கள். முடியின் வேர்வரை நீர் சேர வேண்டும் என்பதை அன்போடு கற்றுக்கொடுங்கள்.