கப்பலேறிப் போன காக்கா

மில்லர்புரத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி காக்கா சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க. இன்னைக்கு எபிசோடே அதைப் பத்தினதுதான்.

முதல்ல ஒரு வாத்து. இங்கிருந்து பைக்ல ரெண்டு மணி நேரத்துல கூந்தன்குளம் போயிடலாம். குளிர்காலத்துல அங்க வரித்தலை வாத்து வரும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிச்சு, இமயமலையைத் தாண்டி வர்ற பறவை. நமக்கு அது விருந்தாளி. இதே வாத்து ஜெர்மனியிலயும் நெதர்லாந்துலயும் காட்டுப் பறவையா பெருகியிருக்கு. அங்க அது தானா பறந்து போகலை. அழகுக்கு வளர்த்த இடங்கள்ல இருந்து தப்பிச்சது. கனடா வாத்தும் அப்படித்தான். 1905ல வேட்டை விளையாட்டுக்காக நியூசிலாந்துக்குக் கொண்டு போனாங்க. அது மேய்ச்சல் நிலத்தையும் பயிரையும் காலி பண்ண, 2011ல அதுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பையே எடுத்துட்டாங்க.

"அயல் உயிரினம்"னதும் வெளியில இருந்து இங்க வந்ததைத்தான் யோசிப்போம். இங்கிருந்து போனது? நம்ம சாம்பல் கழுத்து ஊர்க்காக்கா.

19ஆம் நூற்றாண்டு முடியுற நேரம். மலாயாவுல கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்கள்ல புழுத் தொல்லை. புழுவைத் தின்னட்டும்னு இலங்கையில இருந்து காக்காவைக் கொண்டு வந்து விட்டாங்க. கொஞ்ச காலத்துல காப்பி விலை விழுந்து, தோட்டமெல்லாம் ரப்பரா மாறிடுச்சு. காக்கா மட்டும் ஊருக்குள்ள தங்கிடுச்சு. அதே 1890கள்ல சான்சிபார் தீவுக்கும் கொண்டு போனாங்க, குப்பையைத் தின்னு ஊரைச் சுத்தமாக்கும்னு. 1947ல அது மொம்பாசா துறைமுகத்துல தென்பட்டுச்சு. 2024ல கென்யா அரசு பத்து லட்சம் காக்காவைக் கொல்லப் போறதா அறிவிச்சது.

யாரும் கூப்பிடாமலும் போயிருக்கு. 1994ல நெதர்லாந்தோட ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்துல ரெண்டு காக்கா இறங்குச்சு. கப்பல்ல தொத்திக்கிட்டு வந்திருக்கணும்னு சொல்றாங்க. 1997ல குஞ்சு பொரிச்சுது. கூட்டம் சின்னதா இருக்கும்போதே நிறுத்திடணும்னு, 2010கள்ல அரசு சுட ஆரம்பிச்சது.

இந்தக் காக்கா மனுஷன் இல்லாத இடத்துல பிழைக்கிறது அபூர்வம். அதுக்கு வேண்டியது மீன் கழிவு, எச்சில் சோறு, குப்பைமேடு. துறைமுகத்துல மூணும் உண்டு. நம்ம மீன்பிடி துறைமுகத்துக்கு காலையில போய்ப் பாருங்க, புரியும்.

எங்க அம்மா அமாவாசைன்னா காக்காவுக்கு வைக்காம சாப்பிட மாட்டாங்க. கிள்ளான்ல இருக்குற சின்னத் தாத்தா ஒரு தடவை வீடியோ கால்ல அதைப் பார்த்துட்டுச் சொன்னார்: "இங்க அதைச் சுடுறதுக்கே ஆள் வச்சிருக்கான்டா." அம்மா முகம் சுருங்கிப் போச்சு. அவரோட அப்பாவும் தோட்ட வேலைக்குத்தான் கப்பலேறினார். மனுஷனையும் காக்காவையும் ஒரே தராசுல வைக்கலை. ஆனா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனது அதே தோட்டக் கணக்குதான்.

காக்கா பண்ற சேதம் நிஜம். போன இடத்துல எல்லாம் உள்ளூர்ப் பறவைகளோட முட்டையையும் குஞ்சையும் தூக்குது. அதைக் குறைக்கிறது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா "ஆக்கிரமிப்பு" பட்டியல்ல காக்கா பேர் மட்டும் இருக்கு. கூண்டைத் திறந்து விட்டவன் பேர் இல்லை. மென்பொருள்ல ஒரு பிழை வந்தா, அந்த மாற்றத்தை யார் போட்டாங்க, ஏன் போட்டாங்கன்னு பதிவைத் தேடுவோம். இல்லைன்னா அதே பிழை திரும்ப வரும்.

திரும்ப வந்தும் இருக்கு. வருமானத்துக்காகக் கொண்டு வந்து வளர்த்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, நம்ம மன்னார் வளைகுடாவுல குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல படர்ந்ததை 2008ல ஆய்வாளர்கள் பதிவு பண்ணாங்க. அந்தப் பாசியும் தானா நீந்தி வரலை.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். அம்மா மாடியில சோறு வைக்கிறாங்க, சத்தம் இன்னும் கூடும்.