முடிவு தெரிந்தும் பார்க்கப் போகும் பேய் நாடகம்

பேய்க் கதையை ஒரு தடவை பார்த்துப் பயந்தால் அதோடு முடிந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். முடிவு தெரிந்த பிறகு பயமேது? ஆனால் ஸ்பெயின் மக்கள் ஒரே பேய் நாடகத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வருடா வருடம் போய்ப் பார்த்து வருகிறார்கள். அதன் வசனங்கள் பலருக்கு மனப்பாடம். நாடகத்தின் பெயர் 'டொன் ஹுவான் தெனோரியோ'.

எழுதியவர் கவிஞர் ஹொசே சொரில்யா. 1844 மார்ச் 28 அன்று மெட்ரிட் நகரில் இது முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 27.

கதை 1545 இல் செவில்லா நகரில் தொடங்குகிறது. ஒரே வருடத்தில் அதிகம் கெடுதி செய்பவர் யார் என்று இரண்டு வாலிபர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். வென்றவன் டொன் ஹுவான். கன்னியர் மடத்தில் இருந்த இனெஸ் என்ற பெண்ணைத் தூக்கிச் செல்கிறான். அவளுடைய தந்தையையும் பந்தயத்தில் தோற்றவனையும் கொன்றுவிட்டு ஊரை விட்டு ஓடுகிறான். ஐந்து வருடங்கள் கழித்துத் திரும்பி வரும்போது அவனது குடும்ப மாளிகை இருந்த இடத்தில் ஒரு மயானம். அவனால் மாண்டவர்களின் சிலைகள் அங்கே நிற்கின்றன. இனெஸும் இறந்துவிட்டாள். அவன் கேலியாக ஒரு சிலையை இராச்சாப்பாட்டுக்கு அழைக்கிறான். சிலை வந்துவிடுகிறது.

மார்ச்சில் அரங்கேறிய நாடகம் நொவம்பருக்கு எப்படிப் போனது? நொவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் ஸ்பெயின் கத்தோலிக்கர்கள் தம்மவர் கல்லறைகளைத் தரிசித்துப் பூ வைப்பார்கள். அந்நாட்களில் இதே கதையைச் சொல்லும் அந்தோனியோ தெ சமோராவின் பழைய நாடகத்தை நடிக்கும் வழக்கம் ஏற்கனவே இருந்தது. சொரில்யாவின் நாடகம் படிப்படியாக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு முடிவும் ஒரு காரணம் என்று நமக்குப் படுகிறது. 17 ஆம் நூற்றாண்டில் திர்சோ தெ மொலினாவின் பெயரில் வெளிவந்த மூல நாடகத்தில் சிலை டொன் ஹுவானை நரகத்துக்கு இழுத்துப் போகிறது. சொரில்யாவோ கடைசி நொடியில் இனெஸின் ஆவியை வரவழைத்து அவனைக் காப்பாற்றுகிறார். அன்று பகல் கல்லறையில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு எந்த முடிவு ஆறுதல் தரும்? நரகத்தைக் காட்டும் நாடகத்தை ஒரு தடவை பார்க்கலாம். இறந்தவர்கள் நம்மை மறக்கவில்லை, மன்னிக்கவும் கூடும் என்று சொல்லும் நாடகத்தைத்தான் வருடா வருடம் தேடிப் போகத் தோன்றும்.

ஆனால் எழுதியவருக்கு என்ன கிடைத்தது? நாடகத்தின் உரிமையை அவர் ஒரு பதிப்பாளருக்கு 4,200 ரியால்களுக்கு விற்றுவிட்டார். அதன் பிறகு அரங்குகள் எத்தனை தடவை நிறைந்தாலும் அந்த வருமானம் அவருக்கு வரவில்லை. 1855 இல் மெக்சிகோவுக்குப் போய் 1866 இல் திரும்பினார். பணக்கஷ்டம் தீரவில்லை. தன் நாடகத்தின் குறைகளைத் தாமே கடுமையாக எழுதினார். ரசிகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1889 இல் கிரனாடாவில் அவருக்குத் தேசியக் கவிஞராக முடிசூட்டினார்கள். 1893 இல் மெட்ரிட்டில் காலமானார்.

நாடகம் நிற்கவில்லை. 1949 இல் ஓவியர் சல்வதோர் டாலி அதற்குக் காட்சியமைப்புச் செய்தார். மெட்ரிட்டுக்கு அருகிலுள்ள அல்காலா தெ எனாரெஸ் நகரில் 1984 இலிருந்து திறந்தவெளியில் நடிக்கிறார்கள். குளிரில் ஆயிரக்கணக்கானோர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள்.

ஒரு படைப்பை மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டால் அது நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. அதைப் படைத்தவரின் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. சொரில்யாவின் கதையில் இந்த இரண்டுமே உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டால் வரலாறு பாதிதான்.