துகள் உணர்கருவி அளவுத்திருத்தமும் கணினிக் கிளஸ்டரும்

துகள் உணர்கருவி தருவது மின்துடிப்புகளை மட்டுமே. அவற்றை ஆற்றல், நேரம், இடம் என்ற அளவுகளாக மாற்ற உதவும் மாறிலிகளைக் கணக்கிடுவதே அளவுத்திருத்தம். பெரிய சோதனைகளில் இந்தக் கணக்கை ஸ்கிரிப்டுகள் கணினிக் கிளஸ்டரில் நடத்துகின்றன.

செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆற்றலை அளக்கும் அதன் மின்காந்தக் கலோரிமானியில் 75,848 ஈய டங்ஸ்டேட் படிகங்கள் உள்ளன. துகள் கற்றைகள் மோதும்போது கதிர்வீச்சால் படிகங்களின் ஒளிபுகுதிறன் குறைகிறது. கற்றை நின்றதும் ஓரளவு மீள்கிறது. நேற்றைய மாறிலி இன்றைக்குப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு படிகத்திலும் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை லேசர் ஒளி செலுத்தி மாற்றத்தை அளக்கிறார்கள். மாறிலிகளைத் தரவுத்தளத்தில் சேமிக்கும்போது எந்தக் காலத்துக்கு அவை செல்லுபடியாகும் என்பதும் உடன் பதிவாகிறது. தரவிலிருந்து மோதல்களை முழுமையாக மீட்டமைக்கும் வேலையைச் சுமார் 48 மணி நேரம் நிறுத்திவைக்கிறார்கள்; அதற்குள் புதிய மாறிலிகள் தயாராக வேண்டும்.

கிளஸ்டர் இங்கே கைகொடுக்கிறது. ஒரு மோதல் இன்னொன்றைச் சார்ந்ததல்ல என்பதால் கோப்புகளைத் தாராளமாகப் பிரிக்கலாம். ஸ்கிரிப்ட் கோப்புப் பட்டியலைத் துண்டுகளாக்கி, எச்டிகாண்டோர் போன்ற பணிமேலாண்மை மென்பொருளிடம் ஒப்படைக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988இல் ‘காண்டோர்’ என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் இது. ஒவ்வொரு பணியும் தன் பங்குக்கான பரவல் வரைபடங்களை நிரப்பும். பின்னர் அவை ஒன்றாகக் கூட்டப்படும். நடுநிலைப் பையான் என்ற துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதையும்போது, அவற்றிலிருந்து கணக்கிட்ட நிறையின் உச்சி, கூட்டிய வரைபடத்தில் 135 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே வர வேண்டும். உச்சி விலகியிருந்தால் மாறிலியைத் திருத்தி, எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

ஒரு சுற்றின் விடையில்லாமல் அடுத்த சுற்று தொடங்காது. ஆயிரம் பணிகளில் ஒன்று தாமதித்தாலும் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான்.

பிழைச்செய்தியோடு நிற்கும் பணியால் பெரிய கேடில்லை. மறுபடி அனுப்பினால் போதும். பாதிக் கோப்பை எழுதிவிட்டு ‘வெற்றி’ என்று அறிவிக்கும் பணிதான் ஆபத்து. கூட்டிய வரைபடம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். தவறான மாறிலி ஓசையின்றித் தரவுத்தளத்துக்குள் போய்விடும். மறுபடி அனுப்பிய பணியின் வெளியீடு இருமுறை கூட்டப்பட்டாலும் இதே கதிதான். எனவே உள்ளே போன மோதல் நிகழ்வுகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணி ஒப்பிடாத ஸ்கிரிப்டை, அது எவ்வளவு வேகமாக ஓடினாலும், நம்பக்கூடாது.

மாறிலி தவறினால் எதை இழப்போம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் முக்கியச் சான்றுகளுள் ஒன்று, இரு ஃபோட்டான் நிறைப் பரவலில் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே எழுந்த சிறு மேடு. படிகங்கள் தரும் ஆற்றல் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அந்த மேடு அகன்று பின்னணிக்குள் அமுங்கிப்போகும். 48 மணி நேரத்தில் கிடைக்கும் மாறிலிகளோடும் வேலை முடிவதில்லை: 2015 முதல் 2018 வரை திரட்டிய தரவை, மேலும் செம்மையான மாறிலிகளுடன் சிஎம்எஸ் பின்னர் மறுபடி முழுவதுமாக மீட்டமைத்தது.