வலையமைப்புகளில் ஒருங்கிணைப்பு ஆட்டங்கள்

வலையமைப்பு ஒருங்கிணைப்பு ஆட்டம் என்பது, தம் அண்டையரின் தெரிவோடு ஒத்துப்போகும்போது மட்டுமே ஒருவர் பலன் பெறும் நிலையை விளக்கும் கணித மாதிரி ஆகும். இது ஆட்டக் கோட்பாட்டின் ஒரு பகுதி. சாலையின் எப்பக்கம் செல்வது, எந்த எழுத்துக் குறியேற்றத்தில் எழுதுவது போன்ற மரபுகள் நிலைபெறுவதையும் மாறுவதையும் ஆராய இது பயன்படுகிறது.

கணித வடிவம்

ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கணு. தொடர்புடைய இருவரை ஒரு கோடு இணைக்கும். ஒவ்வொருவரும் அ, ஆ என்னும் இரு உத்திகளுள் ஒன்றைத் தெரிந்து, அதையே எல்லா அண்டையரிடமும் பயன்படுத்துவர். இணைந்த இருவரும் அ-வைத் தெரிந்தால் ஒவ்வொருவருக்கும் பலன் க, இருவரும் ஆ-வைத் தெரிந்தால் ச, வேறுபட்டால் 0.

அண்டையருள் ப பங்கினர் அ-வைப் பயன்படுத்தினால், ஒருவர் அ-வுக்கு மாறுவதற்கான நிபந்தனை:

ப ≥ ச ÷ (க + ச)

வலப்பக்க மதிப்பை மாறுவரம்பு (வ) எனலாம். எடுத்துக்காட்டாக, க = 3, ச = 2 எனில் வ = 2/5. ஐந்து அண்டையருள் இருவர் மாறினால் போதும். எல்லோரும் அ, எல்லோரும் ஆ ஆகிய இரண்டும் நாஷ் சமநிலைகளே. ஆகவே அ மேலானதாயினும், தனியொருவர் மட்டும் மாறினால் அவருக்கு இழப்பே.

பரவலும் தடையும்

ஒரு குழுவின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அண்டையருள் (1 − வ)-வை விடக் கூடுதலான பங்கினர் அக்குழுவுக்குள்ளேயே இருந்தால், புது உத்தி வெளியிலிருந்து அதனுள் நுழையாது. இவ்வகைப் பரவலை ஸ்டீபன் மாரிஸ் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஆராய்ந்தார்.

தமிழ்க் குறியேற்றங்கள்

1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் 1990களில் ஒன்றோடொன்று பொருந்தாத பல குறியேற்றங்கள் புழங்கின. ஒரு குறியேற்றத்தில் எழுதிய மடல், அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. தகுதரம் (டிஸ்கி) ஒருபுறம் பரவ, 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகியவற்றை ஏற்றது.

விண்டோஸ் 2000 முதலான இயக்குதளங்கள் ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியபின் அதன் பலன் உயர்ந்தது, மாறுவரம்பு தாழ்ந்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஒருங்குறியிலேயே அமைந்தது. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் கோப்புகளைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே பரிமாறிக்கொண்ட அச்சுத்துறையினரிடையே பழைய குறியேற்றங்கள் நெடுங்காலம் நீடித்தன. அவ்வாறு எழுதப்பட்டு மாற்றப்படாத கோப்புகளை ஒருங்குறித் தேடல் கண்டறியாது.

வரம்புகள்

இம்மாதிரி ஒருவர் ஒரே உத்தியைப் பின்பற்றுவதாகக் கொள்கிறது. குறியேற்ற மாற்றிகள் இரண்டையும் பயன்படுத்த இடமளிப்பதால், அதற்கான செலவைக் கணக்கிட மூன்றாவது உத்தி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.