அடுக்களை இடம் மாறிய கதை

வீடு ஒன்றை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவருக்கு வண்ணம் பூசுவது எளிது, சன்னலை மாற்றுவதுகூட எளிது, அடுக்களையை இடம் மாற்றுவதுதான் பெரும்பாடு என்பார்கள். படுக்கையறையை மாற்றக் கட்டிலைத் தூக்கினால் போதும். அடுக்களையை மாற்றுவதென்றால் நெருப்பு, புகை, தண்ணீர் ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்காவதாக ஒன்றும் உண்டு. அங்கே நின்று வேலை செய்யும் மனிதர்தான் அது. பெரும்பாலும் இந்த நான்காவதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த நான்கும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வீட்டுப் புதுப்பிப்பின் வழியே பார்ப்போமா?

மலைமேல் ஒரு வீடு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மாண்டிசெல்லோ என்றொரு வீடு இருக்கிறது. அதைக் கட்டியவர் தாமஸ் ஜெபர்சன். 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர்.

1770 பிப்ரவரியில் ஜெபர்சன் பிறந்த வீடு தீக்கிரையாயிற்று. அவருடைய நூல்களும் எரிந்துபோயின. அந்த ஆண்டின் இறுதியில் அவர் மலையுச்சியில் அப்போதுதான் கட்டி முடிந்த ஒரு சிறு கட்டடத்தில் குடியேறினார். மேலே ஒரே ஓர் அறை. கீழே நிலவறையில் அடுக்களை. தெற்கு மண்டபம் என்று இன்று அழைக்கப்படுவது இதுதான்.

பிறகு பெரிய வீடு எழுந்தது. ஆனால் அடுக்களை அந்தச் சிறு கட்டடத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. அக்கால வர்ஜீனியாவில் வசதி படைத்தோர் அடுக்களையைத் தனிக் கட்டடமாகவே அமைத்தனர். தீ பரவாது, கோடையின் வெக்கையும் சமையல் வாடையும் வீட்டுக்குள் வாரா. அடிமைகளை எசமானர்களின் கண்ணில் படாமல் வைப்பதும் ஒரு நோக்கம்.

பாரிஸில் கற்ற பாடம்

1784-இல் ஜெபர்சன் தூதுவராகப் பிரான்சு சென்றார். அவருக்கு அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற 19 வயது இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். பிரெஞ்சுச் சமையலைக் கற்பிப்பதே நோக்கம். ஹெமிங்ஸ் பாரிஸின் தேர்ந்த சமையற்காரர்களிடம் பயின்று, ஜெபர்சனின் பாரிஸ் மாளிகையில் தலைமைச் சமையற்காரரானார்.

1789-இல் இருவரும் திரும்பியபோது ஒரு புதுமையும் உடன் வந்தது. அதுதான் மேடையடுப்பு. இடுப்பளவு உயரத்தில் செங்கல் மேடை. அதன் மேற்பரப்பில் வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்புக் கிராதி. கிராதியின் மேல் மரக்கரி எரியும். சாம்பல் கீழே விழும்.

இதன் சிறப்பு என்ன? அதுவரை இருந்த திறந்த கணப்பில் விறகு கொழுந்துவிட்டு எரியும். வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். சமைப்பவர் தரையோடு குனிந்து, அனலில் முகம் வெந்து வேலை செய்ய வேண்டும். மேடையடுப்பிலோ நிமிர்ந்து நின்று சமைக்கலாம். ஒரு குழியில் கரி கூடுதல், இன்னொன்றில் குறைவு. இவ்வாறு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியே சூடு கொடுக்கலாம். இன்று எரிவாயு அடுப்பின் குமிழைத் திருகுகிறீர்களே, அந்த வசதியின் முன்னோடி இது.

அதே காலத்தில், ஐரோப்பாவில் ரம்போர்டு பிரபு என்ற விஞ்ஞானி திறந்த கணப்புகளின் வெப்ப விரயத்தைக் கடுமையாகச் சாடி, மூடிய செங்கல் அடுப்புகளை அமைத்து வந்தார். பீரங்கியைக் குடையும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798-இல் வாதிட்டவர் இவரே. வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்த அதே அறிவு அடுக்களைக்கும் பயன்பட்டது!

ஆனால் மேடையடுப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மரக்கரி அதிகம் புகையாது. ஆகவே கண் எரியாது, தொண்டை கமறாது. போதிய காற்றின்றி எரியும்போது அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இதனால்தான் இத்தகைய அடுப்புகளைச் சன்னலோரமாக அமைப்பது வழக்கமாயிற்று. காற்றோட்டமற்ற அறையில் கரி எரிப்பது இன்றும் உயிருக்கு ஆபத்தே.

இடம் மாறியது

1796-இல் ஜெபர்சன் வீட்டை இடித்துப் பெரிதாக்கத் தொடங்கினார். எட்டு அறைகள் இருபத்தொன்றாயின. மலைச்சரிவைப் பயன்படுத்தி, நீண்ட நடைமாடங்களின் அடியில் வேலையறைகள் மறைவாக அமைந்தன. 1809 வாக்கில் அடுக்களை தெற்கு நடைமாடத்தின் அடிக்கு மாறியது. புதிய மேடையடுப்பில் எட்டுக் குழிகள். பக்கத்திலேயே பால் அறை, இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்தும் அறை, சமையற்காரரின் அறை. மழையில் நனையாமல் உணவைக் கொண்டுசெல்ல வீட்டின் அடியில் ஒரு வழி.

சாப்பாட்டு அறையின் கதவு ஓர் அச்சில் சுழலும். அதன் மறுபக்கத்தில் தட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. வெளியிலிருந்து உணவை அடுக்கிச் சுழற்றினால் அது உள்ளே வந்துவிடும். கொண்டுவந்தவர் உள்ளே வர வேண்டியதில்லை. விருந்தினர் கண்ணுக்கு உணவு தெரிந்தது, உழைத்தவர் தெரியவில்லை.

பழைய அடுக்களை என்னவாயிற்று? அதன் தரையைப் புதிய வேலையறைகளின் மட்டத்துக்கு உயர்த்த, ஏறத்தாழ 3 அடி மண் கொட்டினார்கள். ஹெமிங்ஸ் சமைத்த அடுப்புகள் புதைந்தன. 2018-ஆம் ஆண்டுக்குச் சற்று முன் தொல்லியல் ஆய்வாளர்கள் அந்த மண்ணை அகற்றியபோது, நான்கு மேடையடுப்புகளின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன.

தண்ணீர்க் கணக்கு

மலையுச்சியில் அழகான காட்சி கிடைக்கும், தண்ணீர் கிடைக்குமா? 1769-இல் 65 அடி ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து கிணறு தோண்டினார்கள். அதை நம்ப முடியவில்லை, அடிக்கடி வற்றியது. ஆகவே கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்க நான்கு தொட்டிகளை அமைத்தார் ஜெபர்சன். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், அகலம், ஆழம். நீங்களே கணக்கிடுங்கள்: 8 × 8 × 8 = 512 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால், தொட்டிக்கு ஏறத்தாழ 14,500 லிட்டர்! ஆனால் பூச்சில் கசிவு ஏற்பட்டு, அவை நெடுநாள் தொல்லை கொடுத்தன.

அங்கே நின்றவர் யார்?

தன் தம்பி பீட்டருக்குச் சமையலைக் கற்பித்த பிறகே ஜேம்ஸ் ஹெமிங்ஸ் விடுதலை பெற்றார். அது நடந்தது 1796-இல். புறப்படுமுன் அவர் தம் கையாலேயே எழுதிவைத்த பாத்திரப் பட்டியல் இன்றும் இருக்கிறது. புதிய அடுக்களையின் தலைமைச் சமையற்காரர் ஈடித் பாசெட் என்ற அடிமைப் பெண். எட்டுக் குழிகளின் முன் 1826 வரை நின்றவர் அவர். வீட்டுக்காரரோ, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மட்டுமே அடுக்களைக்குள் வந்ததாக அங்கு அடிமையாயிருந்த ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1826 ஜூலை 4-ஆம் நாள் ஜெபர்சன் மறைந்தார். கடன் மலைபோல் இருந்தது. அவரது உயில் ஈடித்தின் கணவருக்கு விடுதலை அளித்தது. ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் அளிக்கவில்லை. 1827 ஜனவரியில் அவர்கள் ஏலத்தில் விற்கப்பட்டனர். குடும்பம் மீண்டும் ஒன்றுசேரப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. விற்கப்பட்ட மகன் பீட்டர் பாசெட், பின்னர் விடுதலை பெற்று, சின்சினாட்டி நகரில் பேர்பெற்ற விருந்துச் சமையற்காரராகவும் மதபோதகராகவும் விளங்கினார்.

உங்கள் வீட்டில்

மாண்டிசெல்லோவில் திறமைக்குக் குறைவில்லை. நெருப்புக்கும் புகைக்கும் தண்ணீருக்கும் வழி தேடினார்கள். ஆனால் அங்கே நிற்பவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நாளை உங்கள் வீட்டில் அடுக்களையை மாற்ற நேர்ந்தால், கொத்தனாரை அழைக்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். புகையும் நீராவியும் வெளியேறச் சன்னல் எங்கே? புதிய இடத்திலிருந்து கழிவுநீர் ஓடப் போதிய வாட்டம் கிடைக்குமா? சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில் நிற்குமா? நான்காவது கேள்வியை அங்கே நாள்தோறும் நிற்கப் போகிறவரிடம் கேளுங்கள். மேடையின் உயரம் அவருக்குப் பொருந்துமா, வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும், அடுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் கேட்டபின் சுவரை இடிக்கத் தொடங்குங்கள்.